வரடேரோவில் பத்திய பார்த்தகாஸ்

நான் பெரிய சுருட்டுக்காரன் இல்லை. சிகரெட்டை விட்டுப் பதினாலு வருஷமாகிறது. நத்தார் விடுமுறையில் மட்டும் ஒரே ஒரு சுருட்டு என்று மனைவியிடம் கேட்டு வாங்கிய அனுமதி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். வழக்கமாக ரொறன்ரோக் குளிரில் கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, கையுறையோடு பத்துவேன். இந்த முறை மச்சான் குடும்பமும் நாங்களும் ஒரு கிழமை கியூபாவில் வரடேரோவுக்குப் போனோம். அந்த வருஷாந்த ஒன்றை அதன் சொந்த ஊரிலேயே பத்தக் கிடைத்தது. பார்த்தகாஸ் என்ற கியூபச் சுருட்டு வகையில் செரி டி நம்பர் 4.

ஒன்று என்பது முழு உண்மையில்லை. அதற்கு முன் ஒரு கள்ளச் சுருட்டும் பத்தினேன்.

வந்த இரண்டாம் நாள் கடற்கரையில் ஒரு பெடியன் கிட்ட வந்தான். தன் மைத்துனன் சுருட்டு ஃபக்டரியில் வேலை, கோஹீபா என்ற பேர்பெற்ற கியூபச் சுருட்டு இருக்கிறது, கடை விலையில் கால்வாசி என்றான். கியூபாவுக்குப் போய்வந்த எவரைக் கேட்டாலும் இந்த மைத்துனனைத் தெரிந்திருக்கும். பெட்டிக்குக் கண்ணாடி மூடி. அசல் கியூபச் சுருட்டு கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மச்சான் அதற்குள் காசை எண்ணத் தொடங்கிவிட்டார். மூன்று வாங்கினார். எனக்குத் தந்தது ஒரு பக்கம் எரிந்தது, மற்றப் பக்கம் பேசாமல் இருந்தது, வாயெல்லாம் ஒரே கசப்பு. அணைத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே முழு இலையென்று ஒன்றுகூட இல்லை. தூளும் தண்டும்தான்.

அடுத்த நாள் லா காசா தெல் அபானோவுக்குப் போனேன். அசல் கியூபச் சுருட்டை முழு நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் விற்கிற அபானோஸ் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கு இந்தப் பெயர்தான். சுருட்டு வைத்திருக்கும் அறைக்குள் போனதும் தேவதாரு மணம் முகத்தில் அடித்தது. கடைக்கார அம்மா ஒன்றும் பேசாமல் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிய மொழியில் முத்திரை. பக்கத்தில் எந்த ஃபக்டரி என்பதற்கு ஒரு குறியீடு, அப்புறம் மாதமும் வருஷமும். ஒன்று கிட்டத்தட்ட இருபது அமெரிக்க டொலர். காசு எடுக்கவில்லை, கார்ட்தான். மூன்று வாங்கினேன்.

124 மில்லிமீட்டர் நீளம். பருமனைச் சுருட்டுக்காரர்கள் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள், இது 50. அதாவது இருபது மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, என் பெருவிரல் மொத்தம். ரொபுஸ்தோ என்பது இந்த அளவுக்குப் பெயர். சிவப்புப் பட்டை. பத்தாமல் மூக்கருகே பிடித்தால் காய்ந்த புகையிலையும் மாட்டுக்கொட்டில் வைக்கோலும் கலந்த மணம். எனக்குப் பிடித்தது, மனைவிக்கு இல்லை.

24ஆம் திகதி இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, அறை வராந்தாவில் உட்கார்ந்தேன். தலைப்பக்கத்து மூடியை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். நான் ஆசையில் ஆழமாக வெட்டிவிட்டேன், கடைசிவரை இலை உதட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நெருப்பைத் தொடவிடாமல் நுனியைச் சுற்றிச் சுற்றி வாட்டிய பிறகுதான் இழுக்க வேண்டும். கடல்காற்றில் அதற்கே ஐந்து நிமிஷம் போனது.

முதல் இழுவையில் மிளகு. நாக்கில் இல்லை, மூக்கில். மிளகு ரசத்தை அவசரமாகக் குடித்தால் ஏறுமே, அப்படி. புகையை உள்ளே இழுக்கக்கூடாது, வாயில் வைத்து விட்டுவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மிளகு ஒதுங்கி, சீனி போடாத கோப்பியும் மழை பெய்த செம்மண்ணும் வந்தன. நடுப்பகுதி முழுக்க அதுதான், அந்த இருபது நிமிஷத்துக்கே இருபது டொலரையும் கொடுக்கலாம். சாம்பல் வெண்சாம்பல் நிறத்தில் ஓரங்குலத்துக்கு விழாமல் நின்றது. முழு இலை வைத்துச் சுற்றியதற்கு அதுவே சாட்சி.

மூன்றாம் பகுதி வேறு கதை. கியூபச் சுருட்டுகளில் காரமானது என்று பார்த்தகாஸுக்குப் பேர் உண்டு. செடியின் உச்சியில் நல்ல வெயில் குடித்து வளர்கிற இலைக்கு லிகேரோ என்று பேர். அது மெதுவாக எரியும், காரமும் கூட, அதனால் நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். நிமிஷத்துக்கு ஒரு இழுவை போதும். காற்றில் அணைந்துவிடும் என்ற பயத்தில் நான் இரண்டு மூன்று இழுத்தேன். தலை சுற்றி, கைவிரல் குளிர்ந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டேன். மனைவி சீனி அள்ளிப் போட்ட கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, "இஞ்சருங்கோ, ஊர்ச் சுருட்டு மணம்தானே வருது. இதுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்றாள்.

ஊர்ச் சுருட்டு இல்லை. கோடா என்ற இனிப்புச் சாறு சேர்த்துப் பதப்படுத்துகிற எங்கள் சுருட்டின் இனிப்பும் நெடியும் வேறு. இது ஒன்றும் சேர்க்காமல், குவியலாகப் போட்டு, தன் சூட்டிலேயே பதப்பட்ட இலை. ஆனால் அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்பப்பாவின் மணம்தான் வந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் சுற்றியவர். அங்கே ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பாராம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். வாசிக்கிறவருடைய பங்குச் சுருட்டை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்களாம். கியூபாவின் தலைநகர் அவனாவில் எல் ஃபிகரோ என்ற ஃபக்டரியில் 1865இல் இதே வழக்கம் தொடங்கியது, பார்த்தகாஸ் ஃபக்டரியிலும் சீக்கிரமே வந்தது. வாசிப்பவருக்குத் தொழிலாளர்கள்தான் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். கொக்குவிலும் அவனாவும் ஒன்றையொன்று கேள்விப்பட்டிருக்குமோ என்னவோ. அப்பப்பா இருந்தால் இந்தச் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுற்று நல்லது, இலை காரம் காணாது என்றிருப்பார்.

நான் பத்துக்கு எட்டுப் போடுவேன். முதல் தடவை சுருட்டுப் பிடிக்கிறவர்கள் இதில் தொடங்க வேண்டாம். வெறும் வயிற்றில் யாருமே வேண்டாம். கடைசி இரண்டு விரல்கடையை விட்டுவிடுங்கள், நசுக்காமல் சாம்பல் தட்டில் வைத்தால் தானே அணையும்.

48 மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்று திரும்பினால் கனடாவுக்கு 50 சுருட்டு வரியில்லாமல் கொண்டுவரலாம். நான் கொண்டுவந்தது மிச்சமிருந்த இரண்டைத்தான். ஒன்று அடுத்த நத்தாருக்கு. மற்றதை மச்சானுக்குத் தரலாம் என்று போன் எடுத்தேன். வேண்டாமாம், தன்னிடம் இன்னும் ஒரு கோஹீபா இருக்கிறதாம்.