பங்க் ஏர் மெஷின் 33 காட்டினால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் வழியாகக் கும்பகோணம் போய்வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பங்கின் பெயரை எழுதப் போவதில்லை. இது ஒரு பங்கோடு முடிகிற விஷயமில்லை என்று இப்போது தெரிகிறது.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புக்கே போயாக வேண்டும், மாமன் சீர் முழுக்க என் வண்டியில்தான். அம்மா, மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், டிக்கியில் பித்தளைப் பாத்திரங்கள், ஒரு தார் பழம், வெற்றிலைக் கட்டு. இவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறோமே, காற்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பங்கில் நிறுத்தினேன்.

எண் காட்டுகிற மெஷின்தான். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்கச் சொன்னேன், பையன் 33 வைத்தான். ஹோஸை மாட்டியதும் திரையில் 38 என்று வந்தது, அப்புறம் புஸ்ஸென்று காற்றை இறக்கி, 33க்கு வந்ததும் பீப் அடித்தது. நாலு சக்கரத்துக்கும் இதே கதை. "போன தடவை யாரோ அதிகமா வச்சுட்டாங்கண்ணே, நல்லவேளை வந்தீங்க" என்றான். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஒரு சக்கரத்தில் ஹோஸின் வாய் சரியாக உட்காரவில்லை என்று நான் பிடித்துக் கொடுத்தபோது உள்ளங்கையில் துருக் கலரில் தண்ணீர் தெறித்தது. கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும், அதைச் செய்யாத இடத்தில்தான் இப்படி வரும். அந்த ஒரு அறிகுறியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அவசரத்தில் வேட்டியில் படாமல் துடைத்துக்கொண்டு, அவன் கேட்ட 10 ரூபாயையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல் நின்று, தாண்டி, வலங்கைமான் நெருங்கும்போது ஸ்டீயரிங் கனமாக இருப்பதுபோல் ஒரு எண்ணம். பாரம் என்று விட்டுவிட்டேன். குறுவை அறுப்பு நேரம், எதிர்ப்பக்கம் பாதி ரோட்டுக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அந்த நெல்லை ஒதுங்கி ஒரு பஸ் முழுக்க என் பக்கமே வந்தது. நான் இடது ஓரம் இறக்கினேன், தார் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம், பின்சக்கரம் அதில் தடாரென்று விழுந்து ஏறியது. சாதாரணமாகக் காற்று இருக்கிற டயர் இதைத் தாங்கிவிடும். அன்றைக்கு ரிம்முக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, பக்கச் சுவர் விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. கதவைத் திறந்தால் நாலடியில் வாய்க்கால், கரை முட்டத் தண்ணீர். அம்மா இறங்கவே இல்லை, பெரியவளின் கையைப் பிடித்தபடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்டெப்னியை மாற்றி மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கிழிந்த டயரைப் பார்த்துவிட்டு, "சைடுவால் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது தம்பி, புதுசுதான்" என்றார். அப்புறம் நான் கேட்காமலே சட்டைப் பையில் இருந்த பேனா மாதிரியான, காற்றழுத்தம் அளக்கும் கேஜை எடுத்து, கழற்றாத மூன்று டயரிலும் வைத்தார். 25, 25, 24. "யாரு தம்பி காத்து பார்த்தது?" என்று கேட்டார். சொன்னேன். "ஓடிச் சூடான டயர்ல இது. கிளம்புறப்ப இன்னும் கம்மியாத்தான் இருந்திருக்கும்." அவர் சொன்னது சரிதான், வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். ஆக நான் 22, 23 வைத்துக்கொண்டு ஐந்து பேரையும் சீரையும் ஏற்றிக் கிளம்பியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். மெஷினின் சென்சார் உள்ளதைவிட 10 கூட்டிக் காட்டுகிறது. என் டயரில் நிஜமாக 28 இருந்திருக்கிறது, மெஷினுக்கு அது 38. அதிகம் என்று நினைத்து இருந்த காற்றையும் அதுவே இறக்கிவிட்டிருக்கிறது. பீப் சத்தம் வந்தால் திரையில் இருக்கிற எண் நாம் வைத்த எண்ணுக்கு வந்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். டயருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

கல்யாணம் முடிந்து ஒரு கேஜ் வாங்கிக்கொண்டு அதே பங்குக்குப் போனேன். மெஷின் 33, என் கேஜ் 23. மேனேஜரிடம் காட்டினால், "காத்து சும்மா கொடுக்கிறது சார், பெட்ரோல் அளவுல குறை இருந்தா சொல்லுங்க" என்கிறார். பையன் 10 ரூபாய் வாங்கினானே என்றதற்கு, அவன் கேட்டிருக்க மாட்டான், நீங்களாகக் கொடுத்திருப்பீர்கள் என்றார். புகார்ப் புத்தகம் கேட்டேன், ஓனர் ரூமில் பூட்டியிருக்கிறதாம். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பங்கில் காற்று இலவசம், பெட்ரோல் போட்டாலும் போடாவிட்டாலும். புகார்ப் புத்தகத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும். திரையையும் என் கேஜையும் சேர்த்துப் படம் எடுத்து, அந்த எண்ணெய் நிறுவனத்துக்கு எழுதினேன், நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசிப் பதிவு எண் வாங்கியிருக்கிறேன். இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

சில நூறு ரூபாய்க்குக் கேஜ் கிடைக்கிறது, வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன்னால் வைத்துப் பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும், முழுப் பாரத்துக்குத் தனியாகவே போட்டிருப்பார்கள். டயர் மேலேயே அச்சடித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கச் சொல்லிவிடாதீர்கள். ஸ்டெப்னியை மறக்கவே மறக்காதீர்கள், என்னுடையதும் குறைவாகத்தான் இருந்தது, அந்தப் பெரியவர்தான் சரிசெய்து அனுப்பினார், காசும் வாங்கவில்லை.

போன ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது அதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நெல் மூட்டை ஏற்றிய ஒரு சின்ன லாரிக்கு அதே பையன் காற்று பிடித்துக்கொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டி, டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் டயரில் என் கேஜை வைத்துக் காட்டினேன். திரையில் இருந்ததைவிட 10 குறைவு. அவர் ஒன்றும் பேசாமல் வால்வு மூடிகளைத் திருகிவிட்டு, அடுத்த தெருவில் பஞ்சர் கடை எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு கிளம்பினார்.