பழைய வேட்டை ரைஃபிள் வாங்குகிறீர்களா? ஸ்கோப்புக்கு அடியில் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய கஸ்டம் வேட்டை ரைஃபிள் தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். 2,800 டாலர் கொடுத்து நான் வாங்கியது, சுடவே கூடாத துப்பாக்கி.

விற்றவர் வெளிமாநில வியாபாரி. அமெரிக்க ராணுவத்தின் பழைய ரைஃபிளான 1903 ஸ்பிரிங்ஃபீல்டை வைத்து 1930-களில் கைவேலையாகச் செய்தது, .30-06 தோட்டா போடுவது, அருமையான வால்நட் கட்டை என்றார். படங்களும் கட்டையின் ரேகையையும் செதுக்கலையுமே காட்டின. இந்த மாடலில் சீரியல் நம்பர் ரிசீவரின் (குழல் பொருந்தும் எஃகு உடல்) முன்பக்க வளையத்தின் மேல் இருக்கும். சரியாக அந்த இடத்தில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) தாங்கும் மவுண்ட் உட்கார்ந்திருந்தது. நம்பர் கேட்டேன். "பிற்காலத்தில் செய்த ரிசீவர்தான், கவலையே வேண்டாம்" என்று மெயில் போட்டார்.

இங்கே வெளிமாநிலத்திலிருந்து அனுப்பும் துப்பாக்கி, லைசென்ஸ் உள்ள உள்ளூர் டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். அவர் நம்பரைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பதால் மவுண்ட்டைக் கழற்றினார். நம்பர் ஆறு லட்சத்துச் சொச்சம். பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு ஆலையில் 2,85,507-க்கும் கீழே உள்ளவை 'லோ நம்பர்' துப்பாக்கிகள். அந்தக் காலத்தில் எஃகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். வெயில் நாளில் அதே சூடு மங்கலாகத் தெரியும், இன்னும் காய்ச்சிவிடுவார்கள். அப்படி அதிகச் சூடு பட்ட ரிசீவர் மண்சட்டி மாதிரிச் சிதறும். 1918-இல்தான் பக்குவப்படுத்தும் முறையை மாற்றினார்கள். எல்லாமே உடையும் என்றில்லை. ஆனால் எது உடையும் என்று வெளியே பார்த்துச் சொல்ல வழியில்லை. பழைய ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பும் இவற்றைச் சுட வேண்டாம் என்றே சொல்கிறது.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது, கூடவே இலவசமாக அனுப்பிய ஒரு பெட்டித் தோட்டா. கையால் நிரப்பியவை. மேலே பேனாவால் "மைல்டு லோட்" என்று எழுதியிருந்தது. பவுடர் பெயர் இல்லை, எடை இல்லை. தோட்டாவைப் பிரிக்கும், சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் வைத்துத் தட்டிச் சிலவற்றைப் பிரித்தேன். குச்சி குச்சியான ரைஃபிள் பவுடருக்கு நடுவே தட்டையான சின்ன வட்டத் துகள்கள் கலந்து கிடந்தன. அவை கைத்துப்பாக்கிக்குப் போடும், வேகமாக எரியும் பவுடர் போலத்தான் தெரிந்தன. பித்தளைக் கூட்டுக்குள் வளைத்த கம்பியை விட்டு இழுத்தால் அடிப்பக்கம் ஒரு பள்ளத்தில் தட்டியது. வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம். கூடு துண்டாகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கூடு பிய்ந்தால் அழுத்தமான வாயு ரிசீவருக்குள் பாயும். அந்த ரிசீவருக்கு இந்தத் தோட்டாவைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சுடுபவனின் கண்ணும் கன்னமும் இருப்பது அங்கிருந்து சில அங்குலத்தில்.

திருப்பித் தருகிறேன் என்றேன். 3 நாள் சோதனைக்காலம் உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார். இப்போது, மவுண்ட்டைக் கழற்றியதால் பொருள் "மாற்றப்பட்டது", பணம் கிடையாது என்கிறார். நம்பரைப் பதிய வேறு எப்படிப் பார்ப்பது என்று டீலரே போனில் கேட்டார். விற்றவர் லைனைத் துண்டித்துவிட்டார். அவர் கேட்டபடி மணியார்டரில் கட்டியதால் வங்கி வழியாகவும் பணத்தை மீட்க முடியவில்லை. மாநில நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கும்போது மவுண்ட்டைக் கழற்றி நம்பர் தெரிகிற படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கிரெடிட் கார்டு வாங்காதவரிடம் போகாதீர்கள். முன்பின் தெரியாதவர் நிரப்பிய தோட்டா எவ்வளவு அழகாக இருந்தாலும் சுடாதீர்கள். இதே மாதிரி விளம்பரம் யார் கண்ணிலாவது பட்டால் எனக்கு எழுதுங்கள், அவர் அனுப்பிய மெயில்களைக் காட்டுகிறேன்.