இரட்டை அச்சா, இயந்திர இரட்டிப்பா: லிங்கன் சென்ட் காசுகளில் பிரித்தறிதல்

லிங்கன் உருவம் பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் காசுகளில் எழுத்தோ ஆண்டோ இரட்டையாகத் தெரிந்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மட்டுமே சேகரிப்பாளர் பெரும் விலை கொடுத்து வாங்கத் தக்கது.

அந்த ஒன்று இரட்டை அச்சு. அக்காலத்தில் உருவத்தைத் தாங்கிய மூல முத்திரையின் ஒரே அழுத்தில், காசை அடிக்கும் எஃகு அச்சில் உருவம் முழு ஆழத்துக்குப் பதியாது என்பதால், அச்சைச் சூடேற்றி இளக்கி மீண்டும் அழுத்தினார்கள். இரண்டாம் அழுத்தில் கோணம் சிறிது விலகினாலும் பிழை அச்சிலேயே நிலைத்து, அது அடிக்கும் ஒவ்வொரு காசிலும் ஒரே மாதிரி வரும். பிலடெல்பியா நாணயச்சாலையின் 1955 ஆம் ஆண்டுக் காசு இதற்குப் பெயர்பெற்ற சான்று. 20,000-க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்குப் போய்விட்டன. இரண்டாவது காரணமான இயந்திர இரட்டிப்பில் அச்சுக்குக் குறையேதும் இல்லை. அடித்த கணத்தில் தளர்ந்த அச்சு அசைந்து, புதிதாக எழுந்த எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக நசுக்கிவிடுகிறது.

ஆகவே எழுத்து அகலம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. இரட்டை அச்சில் இரு உருவங்களும் உருண்டு எழும்பி, எழுத்து தடித்து, அதன் முனைகள் தெளிவாகப் பிளந்திருக்கும். இயந்திர இரட்டிப்பிலோ எழுத்து மெலிந்து, பக்கத்தில் தாழ்ந்த, பளபளப்பான ஒரு படி மட்டும் தெரியும். பத்து மடங்கு பெருக்கும் லென்சைக் கையில் வைத்து, ஒளியைப் பக்கவாட்டில் விழச் செய்தால் இந்த வேறுபாடு புலப்படும்; நேர் ஒளியில் எடுத்த படத்தை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்தானது.

சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் 1969-எஸ் காசில் இந்தக் குழப்பம் மிகுதி, ஏனெனில் அவ்வாண்டில் இயந்திர இரட்டிப்பு ஏராளம். உண்மையான இரட்டை அச்சோ மிக அரிது. இங்கே உறுதியான சோதனை ஒன்று உண்டு. நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ என்ற எழுத்தை அந்நாளில் ஒவ்வோர் அச்சிலும் பின்னர் தனியாகக் கையால் பொறித்தார்கள் என்பதால், உண்மையான 1969-எஸ் இரட்டை அச்சில் ஆண்டும் வாசகமும் இரட்டித்திருக்க, ‘எஸ்’ ஒற்றையாகவே நிற்கும். ‘எஸ்’ஸும் ஆண்டோடு சேர்ந்து அதே திசையில் இரட்டித்திருந்தால், அது இயந்திர இரட்டிப்பே. விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அந்தக் காசுக்குக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

மூன்றாவது, தேய்மான இரட்டிப்பு. அடித்து அடித்து அச்சு தேய்ந்தபின் எழுத்தோரங்கள் மங்கிப் பரவுவதால் இது தோன்றும். 1955 காசில் ஆண்டின் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிவது இவ்வகையே. ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று விற்கப்படும் இதை, உண்மையான 1955 இரட்டை அச்சோடு ஒரே வரிசையில் வைக்கவே கூடாது.

‘எஸ்’ சோதனைக்கு ஒரு கால எல்லை உண்டு. 1990 முதல் புழக்கத்துக்கான சென்ட் காசுகளில் நாணயச்சாலை எழுத்து மூல அச்சிலேயே சேர்ந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய காசுகளில் பிளந்த முனைகளையும் எழுத்தின் அகலத்தையும் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். ஒரே அழுத்தில் அச்சு தயாராகும் இக்காலத்தில் இரட்டிப்பு பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில் சிறிதாக வருகிறது. மரத்துண்டில் அமர்ந்து இளம் லிங்கன் படிக்கும் 2009 காசில், புத்தகத்தைப் பிடித்த கையில் கூடுதல் விரல் தெரிவது அப்படிப்பட்டதே.