ஒரே கிரெட்டா, நான்கு விதம்: லே சாலையில் எது இழுக்கும்?

ஹிமாச்சலின் மணாலியிலிருந்து லடாக்கின் லே போகும் சாலையை ஏறி முடிக்க எவ்வளவு பவர் வேண்டும்? ஆட்களும் சாமானுமாக 1,700 கிலோ எடையுள்ள கார், 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போக சுமார் 16 பிஎஸ் (குதிரைத்திறன்) இருந்தால் போதும். அதைவிட வேகமாகப் போக நினைத்தாலும் முன்னால் ஊர்ந்து போகும் ராணுவ லாரிகள் பல இடங்களில் விடப்போவதில்லை. அப்படியிருந்தும் 100 பிஎஸ்ஸைத் தாண்டிய வண்டிகள்கூட அங்கே கொண்டை ஊசி வளைவில் திணறி ஆஃப் ஆகின்றன. ஆகவே விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கும் பவர் எண்ணை ஓரமாக வைத்துவிடலாம். வளைவில் வேகம் விழுந்து, இன்ஜின் 1,200, 1,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தடுமாறும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இதைப் பார்க்க ஹூண்டாய் கிரெட்டா வசதியான வண்டி. சாதா பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல், மின்சாரம் என்று நான்கு விதத்திலும் கிடைக்கிறது. முதல் மூன்றும் 1.5 லிட்டர். எனவே உடல் எடை, டயர் என்று வேறு காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது.

முதலில் காற்று. இந்தச் சாலையின் உச்சமான தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். குளிரைக் கணக்கில் சேர்த்தாலும் அடர்த்தி 60 சதவீதத்தைத் தொடாது. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலேயே ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்துவிடுகிறது. சமவெளியிலிருந்து போய் வருகிறவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. லடாக்கில் கவனிக்காமல் இருக்க முடியாது.

சாதா பெட்ரோல் கிரெட்டாவுக்குக் கடல் மட்டத்தில் 115 பிஎஸ், 144 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் வெளியில் இருக்கும் காற்றைத்தான் இழுத்துக்கொள்ள முடியும். தோராயமாக ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று குறைந்துகொண்டே போய், தங்லங் லாவில் 65 பிஎஸ், 80 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்கும். பழைய ஆல்டோ 800-இன் பவர் 48 பிஎஸ். அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சக்தியோடு ஒரு எஸ்யூவியை இழுக்கிறோம். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தேவை 16 பிஎஸ்தானே! ஹிமாச்சலில் ஆல்டோ டாக்சிகள் தினமும் மலை ஏறுவது இந்தக் கணக்கில்தான்.

இந்த இன்ஜினில் எனக்குப் பிடித்த குணம், அது ஏமாற்றாது. சக்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும், திடீரென்று கைவிடாது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்து, ஆர்பிஎம்மை 3,500-க்கு மேல் வைத்து, ஏசியை அணைத்துவிட்டால் சத்தம் போட்டுக்கொண்டே ஏறிவிடும். இரண்டாவது கியரிலேயே சமாளிக்கலாம் என்று சோம்பல்பட்டால் வண்டி நிற்கும். பிறகு ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் கிளப்ப வேண்டும். நாலு தடவை அப்படிச் செய்தால் கிளட்ச் தீயும் வாடை உள்ளே வரும். இந்த இன்ஜினோடு வரும் ஐவிடி ஆட்டோமேட்டிக், ஆர்பிஎம்மைத் தானே ஏற்றி வைத்துக்கொள்வதால் இங்கே உதவியாகவே இருக்கும், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டால்.

டர்போ பெட்ரோல் 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் மற்ற இரண்டு இன்ஜின்களையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் 3,000 மீட்டர் வரை குறைவே தெரியாது. அதற்கு மேல் கதை மாறுகிறது. கடல் மட்டத்தில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் கிடைப்பது, 5,300 மீட்டரில் ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தினால்தான் கிடைக்கும். சிறிய டர்போ அவ்வளவு வேகமாகச் சுழலாது; சுழலவும் விடமாட்டார்கள், அது உடையாமல் இருக்க கணினி பூஸ்டை, அதாவது காற்றை அழுத்தும் அளவைக் குறைத்துவிடும். அப்படியும் மிச்சமிருப்பது சாதா பெட்ரோலைவிட நிறையவே அதிகம்.

சிக்கல் உச்சத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. டர்போவைச் சுழற்றுவது புகைப்போக்கி வழியே வெளியேறும் வாயு. இன்ஜினுக்குள் போகும் காற்றே பாதியானால் அந்த வாயுவும் குறைகிறது, டர்போ விழித்துக்கொள்ள நேரமாகிறது. கீழே 1,500 ஆர்பிஎம்மில் கிடைத்த முழு டார்க், மேலே 2,000-ஐத் தாண்டினால்தான் வரும். அதுவரை அது டர்போ இல்லாத 1.5 லிட்டர் இன்ஜின் மாதிரிதான். பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் மோசம், ஏனென்றால் டர்போ இன்ஜின்களில் கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் அளவு) குறைவாக வைப்பது வழக்கம். வழியில் சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டினால் வரும் கட்டா லூப்ஸ் ஏற்றத்தில் 21 வளைவுகள், எல்லாம் 4,000 மீட்டருக்கு மேலே. ஒவ்வொரு வளைவிலும் முதலில் ஒன்றுமே நடக்காது, பிறகு ஒரேயடியாகப் பாயும். பழகிய கைக்குச் சரி. ஒரு பக்கம் பள்ளம் இருக்கும்போது புதியவருக்கு இது நல்ல அனுபவம் இல்லை. கூடவே டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். லாரிக்குப் பின்னால் ஏற்றத்தில் ஊர்ந்தால் அதன் கிளட்ச் சூடாகும். இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் ஏறுவது நல்லது.

டீசலுக்கு 116 பிஎஸ்தான், சாதா பெட்ரோலைவிட ஒன்று கூட. ஆனால் டார்க் 250. டீசல் இன்ஜின் எப்போதுமே தேவைக்கு அதிகமான காற்றை உள்ளே வைத்துக்கொண்டு ஓடும். மலையில் அந்த உபரி கைகொடுக்கிறது. டீசலிலும் டர்போ தாமதம் உண்டு, உயரத்தில் கரும்புகை வராமலிருக்க கணினி எரிபொருளைக் குறைப்பதும் உண்டு. ஆனாலும் குறைந்த ஆர்பிஎம்மில் அதிலிருக்கும் இழுவை முற்றிலும் காணாமல் போவதில்லை. மைலேஜும் சும்மா இல்லை: வழியில் டாண்டி என்ற ஊரின் பங்க்கில் "அடுத்த பங்க் 365 கி.மீ." என்று எழுதி வைத்திருந்த பலகை இந்தச் சாலையில் பிரபலம். முழு டேங்க் டீசலோடு கிளம்பினால் அந்தத் தூரம் கவலையில்லை. லடாக் டாக்சிக்காரர்கள் இன்னோவா, சைலோ, ஸ்கார்ப்பியோ என்று டீசலையே பிடித்துக்கொண்டிருந்ததில் அர்த்தம் இருக்கிறது. இந்தப் பயணத்துக்காகவே வண்டி எடுப்பதானால் நானும் டீசல் மேனுவல்தான் எடுப்பேன்.

குளிர்காலம் மட்டும் விதிவிலக்கு. சாதாரண டீசல் உறைநிலைக்குக் கீழே மெழுகு கட்டிவிடும். இந்தியன் ஆயில் 2019-இல் லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. ஜூன் முதல் செப்டம்பருக்குள் போய் வருகிறவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது.

மின்சாரக் கிரெட்டாவை இந்த வரிசையில் வைப்பதே அநியாயம் என்று தோன்றலாம். மோட்டாருக்குக் காற்று வேண்டாம். 171 பிஎஸ், 255 நியூட்டன் மீட்டர். சென்னையிலும் அதுதான், தங்லங் லாவிலும் அதுதான், அதுவும் சக்கரம் நகரத் தொடங்கும்போதே முழுசாக. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயத்தில் 2013-இல் செபாஸ்டியன் லோப் 875 பிஎஸ் பெஜோ பெட்ரோல் காரில் 8 நிமிடம் 13 விநாடியில் ஏறினார். 2018-இல் ரோமேன் டுமாஸ், 680 பிஎஸ் மட்டுமே இருந்த ஃபோக்ஸ்வாகன் ஐடி.ஆர் மின்சாரக் காரில் 7 நிமிடம் 57 விநாடியில் முடித்தார். அந்தப் பந்தயம் முடிவது 4,302 மீட்டரில்.

ஏறுவதற்கு ஆகும் மின்சாரமும் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 1,900 கிலோவை மணாலியிலிருந்து தங்லங் லா உயரத்துக்குத் தூக்க சுமார் 17 யூனிட், 51.4 யூனிட் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வரும். உதைப்பது தூரம்தான். அடல் சுரங்கம் வழியாகப் போனாலும் 400 கி.மீ.யைத் தாண்டும் பாதை, நடுவில் நான்கு கணவாய்கள், குளிரில் சுருங்கும் பேட்டரி. அறிமுகத்தின்போது சொன்ன 473 கி.மீ. ரேஞ்ச் இங்கே எடுபடாது. வழியில் வரும் கேலாங் ஊரைத் தாண்டி எங்கே, எவ்வளவு நேரம் சார்ஜ் போட முடியும் என்று தங்கும் இடத்தில் போனிலேயே உறுதி செய்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது.