ஆர்எக்ஸ்-8 ரேடியேட்டர்: தடித்த அலுமினியமா, கம்பனி அளவா?

மலைநாட்டில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லை. இருப்பவர்களுக்குள் ஒரு பேச்சு மட்டும் ஓயாது: பழைய ரேடியேட்டர் போனால் எதைப் போடுவது? ஒரு பக்கம் கோயோ, மிஷிமோட்டோ போன்றவர்கள் செய்யும் முழு அலுமினிய, தடித்த கோர் (காற்று ஊடுருவிப் போகும் நடுப்பகுதி) ரேடியேட்டர். மறுபக்கம் காரோடு வந்த கம்பனி அளவிலேயே புதியது ஒன்று, மிஞ்சும் பணத்தில் ஃபேன், காற்று தப்பாத அடைப்பு, தெர்மோஸ்டட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), மூடி என்று சுற்றியுள்ள எல்லாவற்றையும் புதுப்பிப்பது. நான் இரண்டாவதைச் செய்தவன். ஹட்டனில் இருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் போய்வரும் கார் என்னுடையது. அதனால் இந்த அலசலில் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

இந்தக் காரில் இருப்பது, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின். அதற்குச் சூடு ஏன் இவ்வளவு ஆகாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெனெசிஸ் என்ற இந்த எஞ்சின் அடுக்கடுக்காக வைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியது. ரோட்டர் சுழலும் கூடு அலுமினியம். பக்கத் தகடுகளும் நடுத்தகடும் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் தண்ணீரை அடைத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீல். போதாக்குறைக்கு, எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில்தான் நடக்கிறது. எதிர்ப்பக்கம் குளிர்காற்றை இழுத்தபடி இருக்கும். சாதாரண எஞ்சின் கொதித்தால் ஹெட் கேஸ்கட்டோடு தப்ப வாய்ப்புண்டு. இதில் சீல் போனால் எஞ்சினைக் கீழே இறக்கி முழுதாகப் பிரிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, கூலன்ட் தொட்டியில் குமிழி, வெளியே ஒழுகாமலே குறையும் கூலன்ட் – இவை தெரிந்தால் ரேடியேட்டர் பற்றிப் பேசும் கட்டம் தாண்டிவிட்டது.

இன்னொன்று, டாஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். அது பெரிய ஒரு வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே அசையாமல் நிற்கும். அது ஏறத் தொடங்கும்போது விஷயம் முற்றியிருக்கும். காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி துளையில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்றும் கைபேசியில் ஒரு செயலியும் இருந்தால் உண்மையான டிகிரி தெரியும். எந்த ரேடியேட்டர் வாங்குவதற்கும் முன் செய்யவேண்டிய செலவு இதுதான்.

சரி, தடித்ததற்கு வருவோம். அதன் நல்லவை எல்லோருக்கும் தெரிந்தவை. கூலன்ட் கூடப் பிடிக்கும், பரப்பு அதிகம், பார்க்கவும் அழகு. கம்பனி ரேடியேட்டரின் இரு முனைத் தொட்டிகளும் பிளாஸ்டிக். அலுமினியக் கோரோடு மடித்து இறுக்கிய இடம் வயதாக ஆகக் கசியத் தொடங்கும். 2012இல் இந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டதால், இங்கே ஓடும் எதிலும் பழைய ரேடியேட்டர் இருந்தால் அந்தப் பிளாஸ்டிக்குக் குறைந்தது அந்த வயது. முழு அலுமினியம் கசிந்தால் நல்ல வெல்டிங் பாஸ் ஒருவர் ஒட்டிக் கொடுத்துவிடுவார். பிளாஸ்டிக் வெடித்தால் பசை பூசி வீடு வரைதான் ஓட்டலாம். இந்தப் புள்ளியில் தடித்தது வெல்கிறது.

என்னைத் திருப்பியது வேறு கேள்வி: நம் பாதையில் ரேடியேட்டருக்குள் காற்றை யார் தள்ளுகிறார்கள்?

நெடுஞ்சாலையில் கார் தானே காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 100 கிலோமீற்றரில் கிடைப்பதில் 16இல் ஒரு பங்குதான் 25இல் கிடைக்கும். கித்துல்கலையில் இருந்து கினிகத்தேனை ஏறும் வளைவுகளிலும், புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏற்றத்திலும் முன்னால் ஒரு தனியார் பஸ்ஸோ கொழுந்து லொறியோ போனால் 25தான் நம் வேகம். சும்மா உருண்டு ஏறுவதற்கு எஞ்சின் பெரிதாகச் சூடாகாது. ஆனால் ஆர்எக்ஸ்-8 ஓட்டுபவர் யாரும் சும்மா ஏறுவதில்லை. இடம் கிடைத்ததும் இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை இழுத்து முந்துவோம். அடுத்த வளைவில் அடுத்த லொறி. எஞ்சினுக்குள் கொட்டிய சூடு அப்படியே இருக்கும், காற்று நின்றுவிடும். அந்த நேரத்தில் ரேடியேட்டரைக் காப்பாற்றுவது இரண்டு ஃபேன்கள் மட்டும்.

தடித்த கோர் இங்கேதான் கால் வாருகிறது. துணியை இரண்டாக மடித்து வைத்து ஊதிப் பார்ப்பது போன்றது அது. காற்று வேகமாக வந்தால் ஊடுருவும். பழைய ஃபேன் ஒன்று மெதுவாக இழுத்தால் போதிய காற்று கடந்து வராது. தடிப்பு கூடியதால் ஃபேன் கூடு சரியாகப் பொருந்தாமல், அதைக் கழற்றிவிட்டு மெல்லிய ஃபேன் இரண்டைக் கேபிள் டையால் கட்டிய கார்களையும் பார்த்திருக்கிறேன். கூடு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் வீண்.

அதனால் கம்பனி அளவு ரேடியேட்டரைப் போட்டுவிட்டு, செலவைக் காற்றின் பக்கம் திருப்பினேன். முதல் வேலை, காரின் அடித்தட்டு. ஆர்எக்ஸ்-8இல் ரேடியேட்டர் சாய்ந்து படுத்திருக்கும்; முன்வாயில் நுழையும் காற்று கீழே தப்பாமல் அதற்குள் போகும்படி செய்வது அந்தப் பிளாஸ்டிக் தட்டுத்தான். தோட்டத்துப் பாதையின் உடைந்த ஓரங்களிலும் வேகத்தடைகளிலும் உரசி, நம் பக்கத்துக் கார்கள் பலவற்றில் அது பாதிதான் இருக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. இருக்கும் தட்டுக்குக் கிளிப்புகள், இல்லாததற்கு மெல்லிய அலுமினியத் தகடு. அப்புறம் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைப் பஞ்சு ரப்பரால் அடைத்தது. கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேட வேண்டிய சாமான்கூட இல்லை இது. இதற்குப் பிறகு ஓபிடியில் தெரிந்த வித்தியாசம் புதிய ரேடியேட்டர் தந்ததைவிடக் கூடுதல் என்றே எனக்குப் பட்டது. இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்க்கவில்லை, அதனால் இதை ஓர் எண்ணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஃபேன் எப்போது சுழலத் தொடங்குகிறது என்பது. தெர்மோஸ்டட் 82 டிகிரி அளவில் திறக்கிறது. கம்பனி அமைப்பில் ஃபேன் 97 அளவில்தான் எழும்புகிறது. நகரத்துக்கு அது போதும். ஏற்றத்தில், முந்தி முடித்த கையோடு 97ஐத் தொடும்போது ஃபேன் பின்னால் ஓடி வருகிறது. ஈசியூவில் (எஞ்சினை இயக்கும் கணினி) மாற்றியோ, தனியாக ஒரு வெப்ப சுவிட்ச் வைத்தோ 90, 92இல் எழும்பச் செய்தால் அந்த ஓட்டம் தேவையில்லை. அதற்கு முன் இரண்டு ஃபேனும் உண்மையில் சுழல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று செத்துப்போனதை உரிமையாளர் அறியாமலே ஓடும் கார்கள் உண்டு.

பராமரிப்பிலும் மெல்லிய கோருக்குத்தான் என் வாக்கு. மழைக்காலச் செம்மண், சவுக்கு இலைத் துகள், இரவில் மோதும் பூச்சி எல்லாம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் உறையும். கோர் தடித்தால் உள்ளே சிக்கியதை வெளியே தள்ளுவது கடினம். எஞ்சின் பக்கமிருந்து சாதாரண ஹோஸால் மெதுவாக அடித்தால் மெல்லிய கோர் சுத்தமாகிவிடும். சர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் பைப்பைக் கிட்ட விடாதீர்கள், தகட்டு இதழ்கள் மடிந்துவிடும். பம்பரின் இரு மூலைகளிலும் இருக்கும் ஒயில் கூலர்களையும் இதே கையோடு கழுவுங்கள். ரோட்டருக்குள் தெறித்து அதைக் குளிர்விப்பது ஒயில்தான். இந்த எஞ்சின் ஒயிலை எரித்துக்கொண்டும் இருப்பதால், மட்டம் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும்.

உயரத்தைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். அங்கே காற்று கடல்மட்டத்தைவிட 17 சதவீதம் அளவில் மெல்லியது. ஆனால் 95 டிகிரி கூலன்ட்டுக்கு எதிரே 30 டிகிரிக் காற்று இருப்பதும் 16 டிகிரிக் காற்று இருப்பதும் ஒன்றல்ல. வித்தியாசம் 65இல் இருந்து 79ஆகக் கூடுகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். மூடிதான் முக்கியம். திறந்த பாத்திரத்தில் நுவரெலியாவில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். 1 பார் பிடிக்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே அங்கே 117 வரை தாங்கும். கடல்மட்டத்தைவிட 3 டிகிரிதான் குறைவு. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அந்த லாபம் முழுதும் போகும். மலிவான சாமான், புதிதாக வாங்கிவிடுங்கள். பாதையோரப் பீலித் தண்ணீரை ஊற்றுவது லொறிக்காரர் பழக்கம். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இந்த எஞ்சினில் துருத்தடுப்பு உள்ள கூலன்ட்தான் ஓடவேண்டும்.

“நம்ம நாட்டுச் சூட்டுக்குத் தெர்மோஸ்டட் எதுக்கு, கழட்டிடுவோம்” என்று சொல்லும் கராஜில் இருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இது பைபாஸ் வழியையும் அடைக்கும் வகைத் தெர்மோஸ்டட். கழற்றினால் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். குளிர்காலைகளில் எஞ்சின் சூடேறாமல் பெற்றோல் கூடக் குடித்து பிளக் நனைந்து நிற்கும் தொல்லை வேறு. மின்சார வாட்டர் பம்ப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அது நின்றால் எஞ்சினும் போகும் என்ற ஒரு காரணத்துக்காகவே நான் தொடவில்லை.

தடித்ததை வாங்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏப்ரலில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓட விரும்புபவருக்கும், அதிவேக நெடுஞ்சாலையில் அடிக்கடி நீண்ட தூரம் அழுத்துபவருக்கும் கணக்கு மாறலாம். நான் போட்டியில் ஓடியதில்லை. வாங்குவதானால் கம்பனி ஃபேன் கூடு அப்படியே பொருந்துகிறதா என்று முதலில் கேளுங்கள். அடித்தட்டு வேலையை அப்போதும் தவிர்க்க முடியாது. விற்கும்போது இந்தக் காரை வாங்க வருபவர் கம்ப்ரஷன் எண்ணைத்தான், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு பிடிக்கிறது என்பதைத்தான் கேட்பார். மினுங்கும் ரேடியேட்டருக்காக யாரும் கூட்டிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. “இவ்வளவு ஏன் மாற்றினாய், கொதித்ததா?” என்று சந்தேகப்பட்டவர்களைத் தெரியும்.

எதைப் போட்டாலும் கூலன்ட் நிரப்பும்போது காரின் மூக்கு மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்துங்கள். அதற்கு நம் ஊரில் இடம் தேட வேண்டியதில்லை. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டட் திறந்து குமிழி வருவது நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். மறுநாள் குளிர்ந்த பிறகு மட்டத்தை மறுபடி பார்த்து, குறைந்ததை ஊற்றிய பின் ரம்பொடைப் பக்கம் போகலாம்.