இலவச மென்பொருளும் தரவுச் சேகரிப்பும்: முன்பே கேட்பவையும் பிறகு சொல்பவையும்

இலவச மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவும்போது, கடைசித் திரையில் பயன்பாட்டு விவரங்களை அனுப்பச் சம்மதம் கேட்கும் வரியும், அதன் பக்கத்தில் ஏற்கெனவே குறியிடப்பட்ட ஒரு கட்டமும் இருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். படிக்காமலேயே அடுத்த பொத்தானை அழுத்தியும் இருப்போம். அந்தக் குறி முன்பே இருக்கிறதா, நாமாக இட வேண்டுமா என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. தனியுரிமை நோக்கில் மென்பொருள்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பவை இரண்டு: தரவை எடுக்கும் முன் கேட்டார்களா, எடுத்ததை நம் கண்ணால் பார்க்க வழி வைத்தார்களா.

இரண்டிலும் தோற்றதற்கு அவாஸ்டின் இலவச ஆண்டிவைரஸே போதுமான சான்று. ஆபத்தான தளங்களைத் தடுப்பதற்காக என்று சொல்லித்தான் அதன் உலாவி நீட்சி, அதாவது உலாவியோடு சேர்க்கும் கூடுதல் நிரல், பயனர் செல்லும் இணைய முகவரிகளைப் பெற்றது. அப்படித் திரட்டிய உலாவல் தரவு ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்கப்பட்டது 2020 ஜனவரியில் பத்திரிகைப் புலனாய்வில் வெளிவந்தது. பெயரையும் மின்னஞ்சலையும் நீக்கிவிட்டோம் என்பதே நிறுவனத்தின் விளக்கம். ஆனால் ஒரே சாதன அடையாள எண்ணின் கீழ், துல்லியமான நேரத்துடன் பதிவான முகவரிகள் வரிசையாகக் கிடைத்தால், அந்த நொடியில் தன்னிடம் பொருள் வாங்கியவர் யார் என்பதை அறிந்த ஓர் இணைய அங்காடிக்கு, அதே எண்ணின் கீழுள்ள மற்றப் பக்கங்களையும் அவர் பெயரோடு சேர்த்துவிடுவது கடினமான வேலையே அல்ல. ஜம்ப்ஷாட் அந்த மாதமே மூடப்பட்டது. 2024இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்த வைத்ததோடு, உலாவல் தரவை விளம்பரத்துக்காக விற்கவும் அவாஸ்டுக்குத் தடை விதித்தது. பாதுகாப்புக்காக நிறுவிய மென்பொருளே இப்படிச் செய்தது என்பதுதான் என்னை இன்னமும் உறுத்துகிறது.

பயர்பாக்ஸ் உலாவி முதல் கேள்வியில் தவறுகிறது, இரண்டாவதில் நன்றாகவே தேறுகிறது. டெலிமெட்ரி எனப்படும், தொழில்நுட்ப விவரங்களைத் தானாக அனுப்பும் அமைப்பு அதில் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கிறது. ஆயினும் முகவரிப் பட்டையில் அபௌட் டெலிமெட்ரி (about:telemetry) பக்கத்தைத் திறந்தால், இயங்குதளப் பதிப்பு, நினைவகத்தின் அளவு, நிறுவிய நீட்சிகள், திறந்த தாவல்களின் எண்ணிக்கை என அனுப்பப்படுபவை எல்லாம் மூல வடிவிலேயே கண்முன் விரிகின்றன. அனுப்புவதை நிறுத்தினால் பழைய தரவும் 30 நாட்களுக்குள் அழிக்கப்படும் என்ற அறிவிப்பும் வருகிறது. கூகுளின் குரோம் உலாவியிலும் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தை அணைக்கலாம் என்றாலும், விளம்பர வருமானத்தால் வாழும் நிறுவனமே உலாவியையும் தருகிறது என்ற ஒன்று எனக்குப் பயர்பாக்ஸின் பக்கம் சாயப் போதுமானது. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளின் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது என்பதையும், பயனர் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்ற வாக்குறுதியை 2025 பிப்ரவரியில் அது தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் சாய்வு நிபந்தனையற்றது அல்ல.

இலவசம் வேறு, மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிப் பகிர விடும் கட்டற்றது வேறு என்பதை விளங்கிக்கொள்ள, நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் திருத்திகளான விஎஸ் கோடையும் விஎஸ்கோடியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் மூலநிரல் ஒன்றுதான். யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் அது வெளியாகிறது. மைக்ரோசாஃப்ட் அதிலிருந்து உருவாக்கித் தரும் விஎஸ் கோட் மட்டும் வேறு உரிமத்தின் கீழ், டெலிமெட்ரி இயங்கும் நிலையில் வருகிறது. அமைப்புகளில் டெலிமெட்ரி அளவை முழுதும் அணைக்கலாம். பிழைகளை மட்டும், அல்லது நிரல் முடங்கிய செய்தியை மட்டும் அனுப்பவும் விடலாம். அனுப்பப்படும் நிகழ்வுகளை உடனுக்குடன் காட்டும் கட்டளையும் இருப்பதால், மறைத்துச் செய்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டமாட்டேன். விஎஸ்கோடியமோ தன்னார்வலர்கள் அதே மூலநிரலை டெலிமெட்ரிக்கான உள்ளமைவு இல்லாமல் தொகுத்துத் தருவது. எதையும் தேடிப்போய் அணைக்க வேண்டியதில்லை.

அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு. மைக்ரோசாஃப்டின் நீட்சிச் சந்தையை அந்நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புகள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று அதன் விதிமுறை சொல்வதால், விஎஸ்கோடியம் ஓபன் விஎஸ்எக்ஸ் என்ற மாற்றுச் சந்தையை நம்பியிருக்கிறது. பைத்தான் மொழியில் நிரல் எழுதுவோர் விரும்பும் பைலான்ஸ், தொலைக் கணினியில் வேலை செய்ய உதவும் ரிமோட் எஸ்எஸ்எச் ஆகிய இரண்டு நீட்சிகளும் அங்கு இல்லை. அது மட்டுமல்ல, நீட்சிகள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனியாகத் தரவு அனுப்பக்கூடும்; திருத்தியை மாற்றிவிட்டோம் என்பதற்காக அவை வாய் மூடிக்கொள்வதில்லை. ஆகவே, சில நீட்சிகளோடு வேலை முடிந்துவிடும் என்பவர்கள் தயங்காமல் விஎஸ்கோடியத்துக்கு வரலாம். அந்த இரண்டு நீட்சிகளையும் விட முடியாதவர்கள், விஎஸ் கோடை வைத்துக்கொண்டு முதல் நாளே டெலிமெட்ரியை அணைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

முன்பே கேட்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டெபியன் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். நிறுவும்போதே, எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் பயன்படுகின்றன என்ற கணக்கெடுப்பில் சேர விருப்பமா என்று அது கேட்கிறது. எதையும் மாற்றாமல் நகர்ந்தால் இல்லை என்பதே பதில். சம்மதித்தவர்களிடமிருந்து திரட்டிய எண்ணிக்கைகளும் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகின்றன. சம்மதிப்பவர்கள் குறைவு என்பதால் அந்தக் கணக்கு எல்லாப் பயனர்களையும் காட்டாது என்று நிரலாளர்கள் சொல்வது நியாயமே. ஆனாலும் அந்தக் குறையைச் சுமக்க வேண்டியது அவர்கள்தாம். அதற்காகக் கேளாமல் எடுக்கும் உரிமை வந்துவிடாது.

கேட்டு எடுத்தாலும் சிக்கல் வரலாம் என்பதை ஆடாசிட்டி காட்டியது. ஒலியைத் திருத்தும் அந்தக் கட்டற்ற மென்பொருளை மியூஸ் குழுமம் 2021இல் வாங்கியதும், பயனர் சம்மதித்தால் மட்டும் இயங்கும் டெலிமெட்ரியைத்தான் முன்மொழிந்தது. அந்தத் தரவு கூகுளுக்கும் ரஷ்யத் தேடல் நிறுவனமான யாண்டெக்ஸுக்கும் போகும் என்று தெரிந்ததும் பயனர்கள் கொதித்தெழ, திட்டம் கைவிடப்பட்டது. பதிலாக வந்தவை, அனுப்பும் முன் கேட்கும் பிழையறிக்கையும், அணைத்துவைக்கக்கூடிய புதுப்பிப்புச் சோதனையும். இவையும் வேண்டாம் என்பவர்களுக்கு மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அதை நாமே தொகுக்கும்போது இணையத் தொடர்புக்கான பகுதியைச் சேர்க்காமலே நிரலை உருவாக்கிக்கொள்ளலாம்.