உங்கள் டொமைன் யார் பேரில் இருக்கிறது?

என் பழைய தள முகவரியை யாராவது சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் பழைய இணைப்புகளையும் தொடாதீர்கள். பருத்திப்பால் வண்டிக்காரரைப் பற்றி நான் எழுதியது இருந்த இடத்தில் இப்போது சீட்டாட்டப் பக்கம் ஒன்று திறக்கிறது. "முதல் டெபாசிட்டுக்கு போனஸ்" என்று நல்ல தமிழில் கூப்பிடுகிறது. அதை வைத்தது நான் இல்லை. அந்த முகவரிக்கு, அதாவது டொமைனுக்கு, காசு கொடுத்தது நான். பதிவானது இன்னொருவர் பேரில். எப்படி என்று விவரமாகவே எழுதுகிறேன், இதே மாதிரிக் கடைகளில் தளம் போட்டு வாங்கியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையில் தினம் கண்ணில் படுவதைப் பல வருடமாக எழுதிவருகிறேன். சிம்மக்கல் பக்கம் ராத்திரி போடுகிற இட்லிக் கடைகள், கீழமாசி வீதியில் மூட்டை இறக்குகிறவர்கள், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விடிகாலை நடக்கிற விலைச் சண்டை, இப்படி. எழுதுவதில் பாதி சந்தோஷம் என்றால் தளத்தை நோண்டுவதில் மீதி. எழுத்துருவை மாற்றுவேன், ஓரப்பட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தூக்கி வைப்பேன், மறுநாள் பழையபடி ஆக்குவேன். எல்லாம் கூகுளின் பிளாகரில் இலவச முகவரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நீள முகவரியைப் போனில் ஒருவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சொந்தமாக ஒரு டாட் காம் வேண்டும் என்ற ஆசை அப்படி வந்தது.

ஊருக்குள்ளேயே ஒரு மாடிக் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ், வெப் டிசைன், ஆன்லைன் அப்ளிகேஷன், லேமினேஷன் எல்லாம் ஒரே போர்டில். முப்பது வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. வாய் நிறைய அக்கா.

"டொமைன் வாங்கி என் பிளாகரோட இணைச்சுக் குடுத்தாப் போதும் தம்பி" என்றேன். அது நடக்கக்கூடிய காரியம்தான். பிளாகரில் சொந்த டொமைன் வைத்துக்கொள்ள கூகுள் தனியாகக் காசு வாங்குவதில்லை. முகவரியைத் தட்டினால் எந்த இடத்துக்குப் போகவேண்டும் என்று குறித்து வைக்கும் அட்டவணைக்கு டிஎன்எஸ் என்று பெயர். அதில் இரண்டு சிநேம் பதிவு, நான்கு ஏ பதிவு போட்டால் வேலை முடிந்தது.

"பிளாகர்லாம் இப்ப யாருக்கா வச்சிருக்கா? கூகுள்காரன் ஒருநா மூடிட்டுப் போயிட்டா என்ன பண்ணுவீங்க? வேர்ட்பிரஸ்ல போட்ருவோம். டொமைன், ஹோஸ்டிங், தீம், எஸ்எஸ்எல் எல்லாஞ் சேத்து ஆறாயிரத்து ஐநூறு. வெளிய கேட்டுப் பாருங்க, பதினஞ்சுக்குக் கொறஞ்சு எவனும் பண்ண மாட்டான்."

வேர்ட்பிரஸ் என்பது தளம் நடத்துகிற மென்பொருள். ஹோஸ்டிங் அது குடியிருக்கும் வாடகை இடம், தீம் அதன் தோற்றம், எஸ்எஸ்எல் இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ். ஜிபேயில் அனுப்பினேன். ரசீது கேட்டு வாங்கினேன். கடையின் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய தாளில் "வெப்சைட் டிசைன் – 6,500" என்று ஒரே வரி. தேதி உண்டு, கையெழுத்து உண்டு. டொமைன் என்ற சொல் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கு வேர்ட்பிரஸ்ஸில் நுழைய ஒரு பயனர் பெயர் கொடுத்தார். எழுதலாம், திருத்தலாம், படம் ஏற்றலாம். தீம் மாற்றப் போனால் மட்டும் அந்த மெனுவே இருக்காது. கேட்டதற்கு, "நீங்க எழுதுறத மட்டும் பாருங்கக்கா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றார். எனக்குக் கொடுத்திருந்தது எடிட்டர் கணக்கு. அட்மின் அவர். நோண்டியே பழகின கைக்கு இது பெரிய தண்டனை, இருந்தாலும் தளம் வேகமாகத் திறந்தது, பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அக்கா போய் மேடம் ஆகியிருந்தேன். "மேடம் உங்க டொமைன் இந்த வாரம் எக்ஸ்பயரி. இன்னிக்குப் பே பண்ணலன்னா டெலிட் ஆகி வேற ஆளுக்குப் போயிரும்." கூடவே கணக்கு: டொமைன் 2,500, ஹோஸ்டிங் 3,500, எஸ்எஸ்எல் 2,300, செக்யூரிட்டி 1,500. ஆக மொத்தம் 9,800.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டாட் காம் டொமைனுக்கு மொத்த வியாபார விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. டொமைனைப் பதிந்து விற்கும் பதிவாளர்கள் அதன்மேல் கொஞ்சம் வைத்து, வரியும் சேர்த்து விற்பது வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்ச் சொச்சம். சரி, அவருக்கும் கூலி வேண்டும், 2,500 என்றே வைத்துக்கொள்வோம். எஸ்எஸ்எல்லுக்கு 2,300 எதற்கு? முகவரிப் பட்டையில் இருக்கிற பூட்டுக் குறியைத் தட்டி, சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பார்த்தேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்று இருந்தது. 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாகக் கொடுத்துவரும் லாப நோக்கற்ற அமைப்பு அது. பெரும்பாலான ஹோஸ்டிங்கில் தானாகவே வந்து தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். யாரும் உட்கார்ந்து வேலை பார்ப்பதில்லை. இலவசச் சரக்குக்கு வருடச் சந்தா.

செக்யூரிட்டிக்கு 1,500 என்பதற்குப் பின்னால் வருகிறேன். அது தனிக் கதை.

டெலிட் ஆகிவிடும் என்ற மிரட்டல்தான் முதலில் உறுத்தியது. டாட் காம் டொமைன் கெடு முடிந்த அன்றே கைவிட்டுப் போகாது. கெடு முடிந்ததும் பதிவாளர் தன் விருப்பப்படி 45 நாள் வரை வைத்திருக்கலாம். அவர் நீக்கினாலும், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதற்கப்புறம் 5 நாள் கழித்துத்தான் யாரும் வாங்கலாம் என்ற நிலைக்கு வரும். டொமைன்களுக்கு விதி வகுக்கும் அமைப்பு ஐகேன். அதனால் பதறாமல், டொமைன் யார் பேரில் என்று காட்டும் அதன் தேடல் பக்கத்தில் என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன். முன்பு ஹூஇஸ் என்று சொல்வோமே, அதேதான். 2025 ஜனவரியிலிருந்து ஆர்டாப் என்ற முறைக்கு மாறியிருக்கிறது.

இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, கெடு தேதி இந்த வாரம் இல்லை, அடுத்த வருடம். ஆரம்பத்திலேயே இரண்டு வருடத்துக்குப் பதிந்திருக்கிறார். இரண்டாவது வருடத்துக்கும் என் காசு முதலிலேயே போயிருக்கிறது, அதை மறுபடி கேட்கிறார். இன்னொன்று, பதிவு யார் பேரில் என்ற பகுதி. தனி ஆளின் பெயர் 2018க்குப் பிறகு பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டுவார்கள். என்னுடையதிலும் பெயர், போன், தெரு எல்லாம் மறைப்பு. ஆனால் நிறுவனம் என்ற வரி மறையவில்லை. அதில் கடையின் பெயர் இருந்தது.

நிலத்துக்குப் பணம் கொடுத்தது நான், பத்திரம் புரோக்கர் பேரில். பட்டாவைப் பார்க்க மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதிவு விவரம் சரியாக இருக்கிறதா என்று வருடத்துக்கொரு தரம் டொமைன்காரருக்குப் பதிவாளர் மின்னஞ்சல் அனுப்பவேண்டும் என்பது ஐகேன் விதி. பதிந்த புதிதில் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லியும் ஒன்று வரும், 15 நாளுக்குள் தட்டாவிட்டால் டொமைன் முடங்கும். இந்த இரண்டில் ஒன்றுகூட உங்கள் இன்பாக்ஸுக்கு வந்ததில்லை என்றால், ஸ்பாமிலும் இல்லை என்றால், உங்கள் டொமைனும் பெரும்பாலும் வேறொருவர் மின்னஞ்சலில்தான் இருக்கிறது.

நேரில் போனேன். டொமைனை என் கணக்குக்கு மாற்றிவிடுங்கள், ஆத் கோடு கொடுங்கள் என்றேன். ஆத் கோடு என்பது டொமைனை ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவரிடம் கொண்டுபோகத் தேவைப்படும் கடவுச்சொல் மாதிரியான ஒரு எழுத்துச் சரம். அந்தத் தம்பி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், அது எங்க ரிசெல்லர் பேனல்ல இருக்கு. வெளிய எடுக்கணும்னா என்ஓசி சார்ஜ் இருக்கு. இருபத்தஞ்சு ஆகும்."

"இருபத்தஞ்சு ரூபாயா?"

"ஆயிரம் மேடம்."

அப்படி ஒரு கட்டணம் எந்த விதியிலும் கிடையாது. டொமைன்காரர் கேட்டால் 5 நாளுக்குள் பதிவாளர் ஆத் கோடைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் டொமைன்காரர் கேட்டால்! ஏட்டின்படி டொமைன்காரர் அந்தக் கடை. பதிவாளருக்கு எழுதினேன், ரசீதை இணைத்தேன். கண்ணியமான பதில்: எங்கள் பதிவில் உள்ளவரிடமிருந்து வந்தால் மட்டுமே செய்ய முடியும், உங்கள் ரசீதில் டொமைன் பற்றிக் குறிப்பும் இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? யாரோ ஒருவர் ஒரு தாளைக் காட்டிக் கேட்டால் என் டொமைனைத் தூக்கிக் கொடுக்காமல் இருக்கவும் அதே விதிதான் இருக்கிறது.

டொமைன் தகராறுக்கென்று யுடிஆர்பி என்ற ஏற்பாடு ஒன்று இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அது வணிகமுத்திரை உள்ளவர்களுக்கு. ஜெனீவாவில் இருக்கிற வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் மனுப் போட ஒரு நடுவருக்கே 1,500 டாலர். இட்லிக் கடையைப் பற்றி எழுதுகிறவளுக்கு எதற்கு அது?

இப்போது அந்தச் செக்யூரிட்டிக்கு வருவோம். சந்தேகம் வந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? அட்மின் இல்லாவிட்டால் என்ன, பக்கத்தின் மூலநிரலை யாரும் பார்க்கலாம். திறந்து கீழே போனேன். அடிக்குறிப்புக்கு மேலே ஒரு பெட்டி, இடப்பக்கம் மைனஸ் 9999 பிக்சல் என்று இடம் குறித்து. அதாவது திரைக்கு வெளியே தள்ளி வைத்திருக்கிறது. படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். உள்ளே வரிசையாக இணைப்புகள்: சூதாட்டம், பந்தயம், ஆண்மை மாத்திரை. கூகுளில் என் தளத்தை மட்டும் தேடும்படி கேட்டுப் பார்த்தால் நான் கனவிலும் எழுதாத தலைப்புகள் வந்து விழுந்தன. காசுக்கு விற்கிற தீம்களை உடைத்து இலவசமாகச் சுற்றவிடுவார்கள். நல்டு தீம் என்று பெயர். அதில் இப்படி ஏதாவது சொருகியிருப்பது வழக்கம். எனக்குப் போட்டுக் கொடுத்தது அதுதானா, கடையே சொருகியதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பாதுகாப்புக்கு 1,500 கேட்ட தளத்தின் லட்சணம் இது. தமிழ்நாட்டில் 2023 முதல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் அமலில் இருக்கிறது, விளம்பரம் செய்வதும் அதில் குற்றம். என் படமும் பெயரும் மேலே, அந்த இணைப்புகள் கீழே.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிக் கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் என் பயனர் பெயர் செல்லவில்லை. கொஞ்ச நாளில் தளமே போய், மேலே சொன்ன சீட்டாட்டப் பக்கம் வந்துவிட்டது.

எழுத்தில் பெரும்பகுதியை மீட்டுவிட்டேன். பழையவை பிளாகரில் அப்படியே இருந்தன, மூடாத புண்ணியவான்கள். வேர்ட்பிரஸ்ஸுக்குப் போனபிறகு எழுதியவற்றை பழைய பக்கங்களின் நகலை வைத்திருக்கும் இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடினேன். தமிழ்த் தலைப்பு வைத்தவர்களுக்கு இதில் ஒரு கஷ்டம். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி) சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும். ஆக, தலைப்பில் இருபதுச் சொச்சம் குறிதான் மிஞ்சும், அதுவும் பாதிச் சொல்லில் நிற்கும். எந்த முகவரி எந்தக் கட்டுரை என்று கண்டுபிடிப்பது கண் வலி. இப்போது முகவரிகளைச் சின்ன ஆங்கில எழுத்தில் வைக்கிறேன்.

படங்கள்தான் போய்விட்டன. வேபேக்கில் எழுத்து நிற்கிறது, படம் இருந்த பல இடங்களில் வெறும் கட்டம். புதுமண்டபத்தில் தையல்காரர்கள் திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்களே, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றுவதற்கு முன்னால், அந்தப் படங்கள் அதில் இருந்தன. அவை இருந்த பழைய போன் உயிரை விட்டுவிட்டது. யாரிடமாவது என் பக்கத்திலிருந்து சேமித்தது இருந்தால் அனுப்புங்கள்.

புகார் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன். அது சமரச ஏற்பாடு, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை. அடுத்து இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். வழக்கு இருப்பதால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, பின்னூட்டத்தில் ஊகிக்கவும் வேண்டாம்.

யாரிடமாவது தளம் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருந்தால், இன்றைக்கே ஐகேன் தேடலில் பாருங்கள். புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் டொமைனை மட்டும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் யுபிஐயில் நீங்களே வாங்குங்கள். ரயில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தால் இதுவும் தெரியும். டிசைன்காரருக்கு டிஎன்எஸ் விவரத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், கணக்கின் கடவுச்சொல் அவருக்குத் தேவையில்லை. வேர்ட்பிரஸ் என்றால் அட்மின் கணக்கு உங்களுடையதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ரசீதில் டொமைன் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் சண்டையை உடனே ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஏற்றுமதி மெனுவிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள், படங்களைத் தனியாக எடுங்கள், அப்புறம் பேசுங்கள். எடிட்டர் கணக்கில் அந்த மெனு வராது. அப்படியானால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து சேமிக்க வேண்டியதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். ஜிபே விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்க வேண்டாம். என் மனுவில் இணைப்பாகப் போயிருப்பவை அவைதான்.